பச்சை

சனிக்கிழமை காலை ஏழு மணி.
உம்லாத்துசானாவில் முழங்கால் வரை நின்று
கல்லைப் புரட்டுகிறேன்.
கம்பூட்ஸுக்குள் எப்படியோ புகுந்துவிடுகிறது தண்ணீர்,
சொல்லாமல் வரும் சம்பந்தி மாதிரி.

வலையில் வந்தவை:
சிவப்புப் புழு பதினொன்று,
அட்டை இரண்டு, நத்தை ஒன்று,
ஷாம்பு பாக்கெட் ஒன்று.
புழுவுக்கு மதிப்பெண் உண்டு, அட்டைக்கும் உண்டு,
ஷாம்புக்குத்தான் அட்டவணையில் இடமில்லை.
கூட்டி வகுத்தால் இரண்டு புள்ளி ஆறு ஏழு.
ம்பாலி அதைப் பென்சிலால் எழுதுகிறாள்.
பேனாவில் எழுதினால் அப்படியே நின்றுவிடுமாம்.

கூட்டத்தில் நான்தான் அதிகம் பேசினேன்.
மேலே இருக்கும் தொழிற்சாலை என்றேன்.
தகரக் குடிசைகள் என்றேன்.
மாநகராட்சி, கோயில் மாலைகள்,
தேங்காய் மூடிகள், உடைந்த பம்பு.
என் சுட்டுவிரல்
சாட்ஸ்வொர்த் முழுக்க நீண்டது அன்று.

ம்பாலி ஒன்றே ஒன்று கேட்டாள்:
மழை பெய்து மூன்று வாரம்,
மழைநீர்க் குழாய் எதற்காகப் பேசிக்கொண்டிருக்கிறது?

குனிந்து கேட்டோம்.
பேசியது. வெதுவெதுப்பாக, சாம்பல் நிறத்தில்,
சோப்பு வாசனையோடு.

அதற்குப் பிறகுதான் சாயம்.
வீடு வீடாகப் போய்க் கழிப்பறையில் ஒரு பொட்டலம் கொட்டி
தண்ணீர் விடுவது;
குழாயின் வாயில் ம்பாலி போனோடு நிற்பது.
ஒன்பதாம் எண், இல்லை.
பதினொன்று, இல்லை.
பதினைந்து எங்கள் வீடு. நானே கொட்டினேன். இல்லை.
சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.
"பின்னால் ஒரு அறை கட்டியிருக்கிறீர்களே" என்றாள் போனில்.

பூபாலன் பத்தே நாளில் எழுப்பிய அறை.
வாடகை மாதம் முதல் தேதி தவறாமல் வரும்.
இரவுப் பணி முடிந்து ஸிபோங்கிலே
தூங்கி எழுந்திருந்த நேரம்.
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே போனேன்.
கொட்டினேன். விட்டேன்.

நாலு நிமிடம்.
போன் அடித்தது.
"பச்சை."

ஓடிப்போய்ப் பாலத்தில் நின்று பார்த்தேன்.
கல்யாணப் பந்தல் வாழையிலையின் பச்சை,
கல்லைச் சுற்றி, நாணலைச் சுற்றி
அவசரமே இல்லாமல்
வளைவில் திரும்பிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது
எங்கள் வீடு.

கழிவுக்குழாய் நாலு மீட்டர் தள்ளி இருந்ததாம்.
மழைநீர்க் குழாய் பக்கத்திலேயே இருந்ததாம்.
"எல்லாரும் செய்றதுதானே" என்றான் பூபாலன்,
தரையைப் பார்த்து.
நாலு மீட்டரை மிச்சம் பிடித்துப்
பதின்மூன்று வருடம் வாழ்ந்திருக்கிறோம்.
ஸிபோங்கிலே தலை குனிந்து நின்றாள்.
குனிய வேண்டிய தலை அவளுடையது இல்லை.

கார் நிறுத்தும் இடத்தை உடைத்தோம்.
பதினாலாயிரம் ரேண்ட்.
தீபாவளிக்கு வாங்கவிருந்த சோபாவை
மண்ணுக்கடியில் போட்டு மூடினோம்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது
நாற்காலிகள் மட்டும் கிரீச்சிட்டன.
யாரோ சமோசாத் தட்டை நகர்த்தினார்கள்.
பிறகு இருபத்து மூன்றாம் எண் வீராசாமி,
மூன்று முறை இருமிவிட்டு,
"நம்ம வீட்டுக்கும் ஒரு பொட்டலம் குடும்மா" என்றார்.

இதுவரை ஏழு வீடு.
இரண்டு வீட்டில் கேட்டைத் திறக்கவில்லை,
நாயை அவிழ்த்துவிட்டார்கள்.
வியாழக்கிழமை இரவுகளில் மேலிருந்து
நுரை இன்னும் வருகிறது;
அதற்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது
என்று தெரியும், திறப்பார்களா தெரியாது.

ஜூன் மாதக் குளிர். அதே கல்.
அட்டை, புழு, நத்தை,
கோபக்கார நண்டுக்குஞ்சு ஒன்று.
பிறகு
அரிசியில் பாதிகூட இல்லாத ஏதோ ஒன்று,
மெல்லிய வால்களோடு,
தன் பக்கவாட்டுச் செவுள்களை
விசிறி விசிறி மூச்சு விட்டுக்கொண்டு.
நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை.

மூன்று புள்ளி எட்டு.
இதுவும் தோல்விதான்,
கொஞ்சம் உயரமான தோல்வி.
ம்பாலி எழுதினாள், பென்சிலால்தான்.
நான் கல்லை
எந்தப் பக்கம் மேலிருந்ததோ அந்தப் பக்கம் மேலாக
இருந்த குழியிலேயே வைத்தேன்.
கூரை அது.